மூன்று ஓட்டைத் தையல்

ஆகஸ்ட் 6, 2025, புதன்

வெளியில் சொன்னால் மானம் போகும் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். என்னிடம் பகடையும் காயும் வைத்து ஆடும் முப்பத்தொரு மேஜை விளையாட்டுகள் இருக்கின்றன. எல்லாம் இணையத்தில் இறக்கி, அச்சிட்டு, வெட்டி, விதிப்புத்தகம் தைத்து, அட்டை போட்டு நானே செய்தவை. பீரோவின் அடித்தட்டில் அகர வரிசையில் நிற்கின்றன. அவற்றில் நான் விளையாடியது எத்தனை?

ஒன்றுகூட இல்லை.

பகடையை ஒருமுறை உருட்டியிருக்கிறேன். முனை தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க.

வயது ஐம்பத்திரண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பு. இந்த வயதில் ஆண்கள் சர்க்கரையைப் பிடித்துக்கொள்கிறார்கள், இல்லை வாக்கிங்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். நான் குத்தூசியைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பூபாலன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்குப் பத்திரிகையா?" என்றார். எனக்குப் பெண்ணே இல்லை. அவருக்குப் பதினோரு வருஷமாக அது தெரியும்.

ஏன் ஆடவில்லை? ஆட்டத்துக்கு இரண்டு பேர் வேண்டும். வீட்டில் சரியாக இரண்டு பேர்தான். இன்னொரு ஆள் என் மனைவி சுசீலா. முதல் புத்தகத்தைத் தைத்து முடித்ததும் அவளிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாருக்கு. எங்க வைக்கப் போறீங்க?" என்றாள். வைத்துவிட்டேன். அதன் பிறகு நீட்டவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மாதம் இரண்டு ஞாயிறு, அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு சங்கக் கட்டடத்தின் மாடியில் எங்கள் விளையாட்டுக் குழு கூடும். இருபது பேர் வருவார்கள். அங்கே எனக்குப் பெயர் 'பைண்டிங் சார்'. கம்பெனியில் நான் 'ஸ்டோர்'. வீட்டில் 'என்னங்க'. நெமிலிச்சேரியில் எங்கள் தெருவில் 'சுசீலாக்கா வீட்டுக்காரர்'. சார் என்று சொல்ல இந்தப் பூமியில் அந்த ஒரு மாடிதான் இருக்கிறது.

நான் ஆடமாட்டேன் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். காரணம் மட்டும் தப்பாகத் தெரியும். ஆடி ஆடி அலுத்துப்போன ஆள் என்று நினைக்கிறார்கள். மேஜை மேஜையாகப் போய், ஆடுகிறவன் முதுகுக்குப் பின்னால் நின்று, "ம்ம்ம்..." என்பேன். அவ்வளவுதான். அவன் உடனே, வைத்த காயை எடுத்து வேறு இடத்தில் வைப்பான். இந்த ஒரு 'ம்ம்ம்'மை வைத்து மூன்று வருஷம் ஓட்டிவிட்டேன்.

இன்று கௌதம் வந்து நின்றான். அம்பத்தூர்ப் பையன், இருபத்தேழு வயது. இரண்டு வருஷமாகச் சொந்தமாக ஒரு விளையாட்டு செய்திருக்கிறான். பெயர் 'ஏரிக்கரை'. கொரட்டூர் ஏரிப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது தோன்றியதாம். படங்கள் வரைந்தது ஸ்வாதி. "சும்மா ஃப்ரெண்டுதான் அங்கிள்" என்றான். நான் ஒன்றும் கேட்கவேயில்லை.

எப்படி ஆடுவது என்று இருபது நிமிஷம் விளக்கினான். நான் தாளின் கனம் எழுபது ஜி.எஸ்.எம்.மா எண்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தவரை: ஏரியின் வரைபடத்தில் பென்சிலால் வீடு கட்ட வேண்டும், வெள்ளம் வரும், புள்ளி உண்டு. விதிப்புத்தகத்துக்கு முதலில் ஒரு மாதிரிப் பிரதி தைத்துத் தர வேண்டுமாம். பதினாறு பக்கம். பக்க எண் இல்லை. ஏன் என்றேன். "நம்பர் போட்டா ஸ்வாதி படம் கெட்டுடும் அங்கிள்."

சும்மா ஃப்ரெண்டு.

ஆகஸ்ட் 14, வியாழன்

கம்பெனி விட்டதும் நேரே பூந்தமல்லி. அமீருதீன் பாயின் ஜெராக்ஸ் கடை. ஸ்பைரல் பைண்டிங், காலிக்கோ பைண்டிங், கல்லூரி புராஜெக்ட் எல்லாம் அங்கேதான். நான் கொண்டுபோன தாளை முகர்ந்து பார்த்துவிட்டு பாய் சொன்னார்: "பேப்பருக்கே தெரியும், அது எந்தப் பக்கம் மடியும்னு. உங்களுக்குத்தான் தெரிய மாட்டேங்குது." தாளை நார் ஓடும் திசையில் மடிக்க வேண்டும் என்பதை இப்படித்தான் சொல்வார். ஆறு வருஷமாகச் சொல்கிறார். நானும் ஆறு வருஷமாகக் குறுக்கே மடிக்கிறேன்.

நாலே தாள்தான். மிஷினிலிருந்து வரிசையாக விழுந்ததை அப்படியே எடுத்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நடுவில் மடித்தால் பதினாறு பக்கம். எவர்சில்வர் கரண்டியின் பின்பக்கத்தால் மடிப்பைத் தேய்த்தேன். நடுமடிப்பில் மூன்று ஓட்டை. மெழுகு தடவிய வெள்ளை நூலை நடு ஓட்டையில் விட்டு, மேலே போய், கீழே வந்து, மறுபடி நடுவில் முடிச்சு. முதுகில் கறுப்புத் துணிப்பட்டி ஒட்டினேன். பாரத்துக்கு கேஸ் சிலிண்டர். சுசீலா அடுப்படிக்கு வந்து, சிலிண்டர் ஏன் ஒரு புத்தகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தாள். கேட்கவில்லை. ஏரியின் வரைபடத் தாள் நூறும் அச்சிட்டு வந்திருந்தேன். அதையும் பார்த்தாள்.

தையல் பிரமாதம். நானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான், வேறு யார் சொல்வது?

ஆகஸ்ட் 20, புதன்

மாதிரிப் பிரதியைக் காணவில்லை. பீரோ, கட்டிலடி, பழைய பேப்பர் மூட்டை எல்லாம் பார்த்தாகிவிட்டது. சுசீலாவிடம் கேட்டேன். "என் கிட்ட ஏன் கேக்கறீங்க?" என்றாள். இது பதில் இல்லை என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

ஆகஸ்ட் 23, சனி

கிடைத்துவிட்டது. பீரோவின் அதே தட்டில், அதே இடத்தில். மூன்று தடவை தேடிய இடம். கண்ணாடி மாற்ற வேண்டும்.

முதுகுப் பட்டி கொஞ்சம் கோணலாக இருக்கிறது. என் கை ராசி.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

என் வாழ்க்கையில் முதல்முறையாக எத்திராஜ் என்னைப் பாராட்டினார். ஐயப்பன்தாங்கல்காரர், ரிடையரான பஸ் கண்டக்டர். எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் கட்டை விரலில் எச்சில் தொட்டு டிக்கெட் கிழிக்கிற மாதிரி புரட்டுவார். இதுவரை நான் தைத்ததில் நாலு புத்தகம் அவர் கையில் பிரிந்து உதிர்ந்திருக்கிறது. இன்று மாதிரிப் பிரதியை இரண்டு அட்டையையும் பிடித்து இழுத்தார். அசையவில்லை. மேஜை மேல் வைத்தார், அதுவாகவே மல்லாந்து படுத்துக்கொண்டது.

"இன்னா ஸ்ட்ராங்கு நைனா. ரெண்டாயிரம் தபா பொரட்னாலும் கயலாது. இப்பதான் உனுக்குத் தொயில் வந்துகீது."

அதோடு விட்டிருந்தால் நான் நல்லவனாகவே வீடு திரும்பியிருப்பேன். விடவில்லை. "இந்த ஆட்டத்த எத்தினி தபா ஆடிப் பாத்தே?" என்று கேட்டார். கௌதம் பக்கத்திலேயே நிற்கிறான். இருபது முகம் என்னைப் பார்க்கிறது. பாராட்டு தலைக்கு ஏறியிருந்தது. வாய் தானாகத் திறந்தது.

"ஒரு முப்பது தடவ இருக்கும்."

கௌதமுக்குக் கண் கலங்கிவிட்டது.

செப்டம்பர் 7, ஞாயிறு

அக்டோபர் 12-ஆம் தேதி 'ஏரிக்கரை'க்கு வெளியீட்டுப் போட்டி. மூன்று மேஜை, பன்னிரண்டு பேர். பன்னிரண்டு விதிப்புத்தகம் நான் தைக்க வேண்டும். நடுவர் யார் என்று பேச்சு வந்ததும் கௌதம் எழுந்து, "முப்பது தடவ ஆடின ஒரே ஆள் அங்கிள்தான்" என்றான். கை தட்டினார்கள். எத்திராஜ் மட்டும் தட்டவில்லை. நாற்பது வருஷம் டிக்கெட் இல்லாதவனை மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்த மனுஷன். என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

வரைபடத் தாள் நூறு அச்சிட்டேன். இன்று எண்ணினால் நாற்பத்தெட்டு. சுசீலா மளிகை லிஸ்ட் எழுத எடுக்கிறாள் என்று நினைக்கிறேன். இத்தனை மளிகை எங்கே போகிறது?

செப்டம்பர் 28, ஞாயிறு

பன்னிரண்டும் தைத்து முடித்தேன். முதுகு என்னுடையது இல்லை.

இந்த முறை பாய் வேறு மிஷினில் போட்டுக்கொடுத்தார். ஒவ்வொரு தாளிலும் பன்னிரண்டு, தனித்தனிக் கட்டாக நாலு கட்டு. எது வெளித்தாள், எது உள்தாள்? பக்க எண் இல்லை. ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். படிப்பதா? மாதிரிப் பிரதி எதற்கு இருக்கிறது? அதைப் பக்கத்தில் வைத்து, முதல் தாள் இது, இரண்டாவது இது, மூன்றாவது இது என்று முதல் வரிகளை மட்டும் பார்த்து அடுக்கினேன். மூன்று தெரிந்துவிட்டால் நாலாவது நடுவில் வந்துதானே ஆக வேண்டும். ஸ்டோரில் இருபத்தாறு வருஷ அனுபவம் வீண் போகுமா?

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கட்டர், குத்தூசி, இரும்பு ஸ்கேல், கரண்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். சுசீலா தன் கைப்பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து வரிசையின் ஓரத்தில் வைத்தாள். ஆபீஸ் பென்சில் என்றாள். ஆபீசில் கம்ப்யூட்டர்தானே?

அக்டோபர் 9, வியாழன்

இனியும் தள்ளிப்போட முடியாது. ஞாயிற்றுக்கிழமை நடுவர், விதி என்னவென்று தெரியாது. பன்னிரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு, மதியம் கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்து, என் வாழ்நாளில் முதன்முதலாக ஒரு விதிப்புத்தகத்தைப் படித்தேன். தயிர்சாதம் காய்ந்து போனது.

விதி இதுதான். நாலு மழைக்காலம், அதாவது நாலு சுற்று. கரையில் வீடு கட்டினால் ஒரு புள்ளி. ஏரிக்குள்ளேயே கட்டினால் இரண்டு. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் முதலில் புள்ளியை எண்ண வேண்டும். பிறகு பகடை உருட்டினால் வெள்ளம். ஏரிக்குள் இருக்கும் வீடெல்லாம் போய்விடும். இடம் காலியாகிவிடும், எனவே மறுபடி கட்டலாம், மறுபடி இரண்டு புள்ளி.

இருபத்தேழு வயதில் இந்தப் பையனுக்கு எவ்வளவு விவரம். நம் ஊர்ப்பக்கம் நடப்பதை அப்படியே எழுதியிருக்கிறான். புத்தகத்தின் முன்பகுதியில் இரண்டு பக்கம் ஏதோ முன்னுக்குப் பின் போல இருந்தது, ஆனால் அது வெறும் படம். ஸ்வாதி படமென்றால் எங்கே இருந்தாலும் அழகுதான்.

அக்டோபர் 11, சனி

எத்திராஜ் போன் செய்து, தன் கண்டக்டர் விசிலை நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றார். இதற்குப் பெயர் அன்பா, பொறியா?

அக்டோபர் 12, ஞாயிறு

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் மற்றவர்கள் சொல்வதுதான் சரித்திரமாகிவிடும்.

காலையில் சுசீலா, பெரம்பூரில் ஒரு வளைகாப்பு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். காட்டன் புடவையில். வளைகாப்புக்குக் காட்டன் புடவை என்றதுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மாடியில் கூட்டம். பன்னிரண்டு புத்தகமும் மேஜை மேல். எத்திராஜ் முதல் மேஜையில் உட்கார்ந்து விசிலை என்னிடம் கொடுத்தார். அவருக்கு எதிரே மூன்று நாற்காலி காலி. யாரோ பெயர் கொடுத்துவிட்டு வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தபோது படியேறி மூன்று பெண்கள் வந்தார்கள். முதலில் சுசீலா.

எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கையை நீட்டியும் விட்டேன்.

"பேர் குடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கூட வந்தவர்கள் சபீனா, தாட்சாயிணி. சுசீலா சென்ட்ரல் பக்கம் ஆபீசுக்குத் தினமும் ரயிலில் போகிறாள். அவளுடைய ரயில் சிநேகிதிகள் என்று பெயர் கேட்டிருக்கிறேன், முகம் பார்த்ததில்லை.

விசில் அடித்தேன். எல்லாரும் புத்தகத்தைத் திறந்தார்கள். இந்த மூன்று பேர் மட்டும் திறக்கவில்லை. பென்சிலை எடுத்தார்கள், மடமடவென்று வீடு கட்ட ஆரம்பித்தார்கள். நான் என் வழக்கப்படி சுசீலாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, "ம்ம்ம்..." என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தொண்டை கட்டியிருக்கா? சுடுதண்ணி குடிங்க."

மூன்று வருஷ வித்தை அங்கேயே முடிந்தது. சபீனா வேறு, "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஏரி தெரியல" என்றாள்.

கௌதமும் ஸ்வாதியும் கீழே போண்டா இறக்கப் போயிருந்தார்கள். பத்துப் பொட்டலம் போண்டாவை இறக்க இரண்டு சுற்று நேரம் ஆனது. சும்மா ஃப்ரெண்டு. அவர்கள் மேலே வந்தபோது மூன்றாவது சுற்று. கௌதம் ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துக்கொண்டே வந்தான். முகம் மாறிக்கொண்டே வந்தது. பன்னிரண்டு தாளிலும் கரை காலி. ஏரி முழுக்க வீடு.

"ஏன் எல்லாரும் ஏரிக்குள்ள கட்டுறீங்க?"

எத்திராஜ்தான் பதில் சொன்னார். "பின்ன ரோட்லயா கட்டுவாங்க? உள்ள கட்னாதான டபுள் பாயிண்டு."

"வெள்ளத்துல போயிடுமே."

"போவட்டும். பாயிண்ட நாங்க முன்னாடியே வாங்கிக்கினோம்ல?"

கௌதம் ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். வைத்துவிட்டு இன்னொன்று. அதையும் வைத்துவிட்டு மூன்றாவது. பிறகு என் பக்கம் திரும்பினான். குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வெள்ளம்தான் முதல்ல அங்கிள். அப்புறம் மிச்சம் நிக்கிற வீட்டுக்குத்தான் புள்ளி. ஏரிக்குள்ள கட்டினா தோத்துடணும். அதுக்குத்தான் இந்த கேமே. ரெண்டு தாள் இடம் மாறியிருக்கு. பன்னெண்டுலயும்." விரித்த பக்கத்தை எனக்குக் காட்டினான். "முப்பது தடவ ஆடினேன்னீங்களே. ஒரு தடவகூடவா தெரியல?"

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியான விதிப்படி ஆடினேன் என்றால், தப்பாகத் தைத்தது தெரிந்திருக்க வேண்டும். தப்பான விதிப்படி ஆடினேன் என்றால், முப்பது தடவையும் அவன் விளையாட்டையே நான் ஆடவில்லை. எந்தப் பக்கம் ஓடினாலும் சுவர். இதோடு 'சார்' போய்விடும். நாளையிலிருந்து வெறும் 'ஸ்டோர்'.

"நான் ஆடல" என்றேன்.

"இந்தப் புக்க வச்சு ஆடலையா?"

"இத மட்டும் இல்ல. எதையுமே ஆடினதில்ல. முப்பத்தோரு கேம் வீட்ல இருக்கு. ஒண்ணுகூட ஆடினதில்ல."

எத்திராஜ் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். முகத்தில் கோபமே இல்லை, நாற்பது வருஷத் தொழில் நிறைவு.

"மூணு வருசமா டிக்கெட் எடுக்காமயே வந்துகினு இருந்தியா நைனா."

யாரோ சிரித்தார்கள். கௌதம் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்தான். அப்போது சுசீலா பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள்.

"அவர் ஆடல. நாங்க ஆடினோம். போக வரன்னு தெனமும் ரெண்டு ஆட்டம். எண்பது கிட்ட வரும்."

அவன் புரியாமல் பார்த்தான். அவள் விளக்கினாள். நெமிலிச்சேரியில் அவள் ஏறி இடம் பிடிப்பாள். ஆவடியில் சபீனா. தாட்சாயிணி அம்பத்தூரில் ஏறுவதால் இரண்டாவது சுற்றிலிருந்துதான் சேர்த்துக்கொள்வார்கள், அதற்கு அவளுக்கு இரண்டு புள்ளி இனாம். பகடை உருட்ட டிபன் பாக்ஸ் மூடி, சத்தம் வராமல் இருக்க அதில் கைக்குட்டை. தாளை ரப்பரால் அழித்து அழித்துத் திரும்ப எடுப்பார்கள். வில்லிவாக்கத்துக்குள் நாலாவது வெள்ளம் வந்துவிட வேண்டும், பெரம்பூரில் கூட்டம் ஏறிவிடும். மகளிர் பெட்டியில் சுற்றி நின்று பார்க்கவே பத்துப் பேர் இருக்கிறார்களாம்.

"ஆரம்பத்துல ஒரு கஷ்டம்" என்றாள் சபீனா. "மொத நாளு பாதி படிக்கிறதுக்குள்ள சென்ட்ரல் வந்துடுச்சு. ரெண்டாம் நாளு அன்னனூர்ல அடிச்ச காத்துல பேப்பரெல்லாம் பறந்து, பொட்டி பூரா பொறுக்கினோம். அப்புறம் செட் ஆயிடுச்சு."

ஓ. என் வரைபடத் தாள்கள் போன வழி அதுதானா.

கௌதம் கேட்டான்: "இதே வரிசையிலதான் ஆடினீங்களா? புள்ளி எண்ணிட்டு அப்புறம் வெள்ளம்?"

"வேற எப்படி?"

"நல்லாவா இருக்கு?"

தாட்சாயிணி முந்திக்கொண்டாள். "தம்பி, எனக்கு எட்டு நாள் லீவு பாக்கி இருக்கு. எடுத்தா ஆட்டம் போயிடும்னு எடுக்கல."

முதலில் சிரித்தது ஸ்வாதி. பிறகு கௌதம் ஒரு நாற்காலியை இழுத்து அந்த மேஜையிலேயே உட்கார்ந்து, ஒரு தாளை எடுத்தான். "எனக்கும் ஒரு பென்சில் குடுங்க" என்றான். நாலாவது சுற்றிலிருந்து சேர்ந்தவன் ஏரிக்குள்தான் கட்டினான்.

ஜெயித்தது சுசீலா. முதல் பரிசு: நான் கையால் தைத்த ஒரு புத்தகம். மேடையில் அவளுக்கு அதை நானே வழங்கினேன். "நல்லாருக்கு. எங்க வைக்கப் போறேன்?" என்றாள் மைக்கில்.

அக்டோபர் 13, திங்கள்

ராத்திரி முழுக்க இருந்த கேள்வியைக் காலை காபியோடு கேட்டேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை?

"நீங்க ஆடலாம் வான்னு கூப்பிட்டதே இல்லையே. காட்டினீங்க. பாத்தேன். நல்லாருக்குன்னு சொன்னேன்."

ஆறு வருஷம். இந்தப் பதிலைக் கேட்க ஆறு வருஷம். நான் நீட்டியதே ஆட்டத்துக்கு அழைப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அதை ரசீது மாதிரி வாங்கிப் பார்த்திருக்கிறாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. சுசீலா முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய், "ஆடலாமா?" என்றேன். மாவுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

வாழ்க்கையில் முதல் ஆட்டம். அவள் 61. நான் 9. அந்த ஒன்பதில் இரண்டு, தாட்சாயிணிக்குக் கொடுக்கும் இனாம்.

அக்டோபர் 26, ஞாயிறு

என்ன எழுதுவது, எங்கே ஆரம்பிப்பது? கௌதம் இரண்டாம் பதிப்பு போடுகிறான். புத்தகத்தில் இரண்டு விதமாகவும் ஆடலாம் என்று இருக்கும். ஒன்று 'நேர் வரிசை'. இன்னொன்று, அவனே பெயர் வைத்துவிட்டான்: 'பால்ராஜ் வரிசை'.

பால்ராஜ் என்பது நான்.

மாடியில் மறுபடி 'சார்' என்கிறார்கள். இந்த முறை கொஞ்சம் சிரித்துக்கொண்டே. பரவாயில்லை. எத்திராஜ் மட்டும், "தப்புத்தப்பா கட்டி பேரு வாங்கினவன் நீ ஒருத்தன்தான்" என்றார். இல்லை, எங்கள் பக்கம் நிறைய பேர் இருக்கிறார்கள், எல்லாரும் ஏரிக்குள் கட்டியவர்கள் என்றேன். நானும் விடவில்லை. இரண்டு வாரமாகப் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்கிறேன்: எல்லாரும் சரியாகத் தைப்பார்கள், இரண்டு தாளை இடம் மாற்றி ஒரு புது ஆட்டத்தையே உண்டாக்க ஒரு கை வேண்டும். கம்பெனி வாட்ச்மேனிடம்கூடச் சொல்லிவிட்டேன். பூபாலனிடம் இரண்டு தடவை.

சுசீலா கேட்டுக்கொண்டே இருந்தாள். முறுக்கை மட்டும் நீட்டினாள்.

நவம்பர் 9, ஞாயிறு

இரண்டாம் பதிப்பு இருநூறு பிரதி. ஆகஸ்டில் தைத்த பழைய மாதிரிப் பிரதியை வைத்துக் கடைசியாக ஒருமுறை சரிபார்க்க பூந்தமல்லி போனேன். இந்த முறை பக்க எண் உண்டு, ஸ்வாதியே போட்டுக் கொடுத்துவிட்டாள். இப்போது சும்மா ஃப்ரெண்டு இல்லை, ஜனவரியில் நிச்சயதார்த்தம். நான் சொன்னேனா இல்லையா?

பாய் மாதிரிப் பிரதியை எடுத்தார். நான் இதுவரை திறக்காத நடுப்பக்கத்தை விரித்தார். விரலால் தையலைத் தடவிப் பார்த்தார். முடிச்சைத் திருப்பிப் பார்த்தார்.

"இந்தத் தையல் சூப்பர். எப்ப இப்படிக் கத்துக்கிட்டீங்க?"

கழுத்தை நீட்டிப் பார்த்தேன். நெருக்கமான சின்னத் தையல். உள்பக்கம் ஒரு இரட்டை முடிச்சு. சுசீலா புடவைக்கு ஃபால்ஸ் அடித்து முடிக்கும்போது இப்படித்தான் போடுவாள்.

அன்னனூரில் பறந்தவை வரைபடத் தாள்கள் இல்லை, என் தையல் பிரிந்த இந்தப் புத்தகத்தின் நாலு தாள்கள்.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தாளாக 'பால்ராஜ் வரிசை', 'பால்ராஜ் வரிசை' என்று விழுந்துகொண்டிருந்தது. நிறுத்தட்டுமா என்று பாய் என் முகத்தைப் பார்த்தார். ஓடட்டும் என்று கையைக் காட்டினேன்.

தையல் கருநீல நூலில் இருந்தது. நான் நீல நூல் வாங்கியதே இல்லை.